விரிப்பு காயும் நேரம்

வேலூரில் வெயில் சதமடித்தது என்று
பேப்பரில் போட்டிருக்கிறார்கள்,
மட்டை பிடித்து ஆடியவன் மாதிரி.
எனக்கு என் கணக்கு உண்டு.

லாட்ஜ் மொட்டை மாடி. நாற்பத்திரண்டு விரிப்புகள்.
கடைசி விரிப்பை உதறிப் போடும்போது
முதலில் போட்டது அப்பளமாய் விறைத்திருந்தால்
அது கத்திரி.
தொட்ட கை லேசாகச் சில்லிட்டால் மாசி.
ஓரத்தையல் மட்டும் காய அடம்பிடித்தால்
சித்தூர்ப் பக்கம் எங்கோ பெய்கிறது.
கார்த்திகையில் பேர் வைத்துக்கொண்டு புயல் வரும்.
அப்போது கணக்கே கிடையாது.
படிக்கட்டுக் கம்பி, ஜன்னல்,
சுபான் பாயின் நாற்காலி முதுகு,
எங்கே போட்டாலும் மூன்றாம் நாளும்
நனைந்த நாய் வாசனை.
பாய் என்னைத் திட்டுவார்.
நான் வானத்தைத் திட்டுவேன்.
அது கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் ஆறரைக்குச் சூரியன் கிளம்பிவிடும்.
கிழக்கே இருக்கிற பாறைமலை விடாது.
பகலெல்லாம் வாங்கி வைத்ததை
ராத்திரி பத்து வரைக்கும்
எண்ணி எண்ணித் திருப்பித் தரும்.
சுவரில் முதுகைச் சாய்த்தால்
யாரோ ஏற்கெனவே சாய்ந்து எழுந்துபோன மாதிரி இருக்கும்.

இங்கே தங்குகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.
கல்கத்தா, சில்சார், அகர்தலா.
ராத்திரி ராத்திரியாக ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கி
முதல் வேலையாக முகத்தைத் துடைப்பார்கள்.
"கொரொம்" என்பார்கள்.
"சூடு" என்பேன்.
ஆளுக்கொரு கையால் விசிறிக்கொள்வோம்.
அதற்கப்புறம் என் பேர் தேசம்மா என்று சொல்வதில்
கஷ்டமே இருக்காது.

பதினேழாம் நம்பர்க்காரர் மட்டும் வாய் திறக்கவில்லை.
பதினொரு நாள்.
சம்சாரத்தின் சேலையை வார்டிலிருந்து கொண்டுவந்து
அவரே கசக்கி, அவரே பிழிந்து
என் கொடியின் கடைசி முழத்தில் போடுவார்.
காயும்வரை பக்கத்திலேயே நிற்பார்,
அந்த வெயிலில்.
நிழலுக்கு வாங்க என்று சைகை காட்டினேன்.
சேலையின் நிழலைக் காட்டினார்.

அன்றைக்கு நாலு மணி.
காட்பாடிப் பக்கம் வெளிச்சம் கெட்டது.
பாலாற்றைத் தாண்டி வந்த காற்று
பாலாற்றையே கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்தது.
நாற்பத்திரண்டும் வயிறு உப்பி எழுந்தன.
கிளிப்புகள் பல்லு பல்லாகத் தெறித்தன.
நான் ஒன்றைப் பிடித்தால் இரண்டு போகிறது.
திரும்பினால், அவர்
ஆறு விரிப்புகளை மார்போடு கட்டிக்கொண்டு
தறியில் சிக்கின ஆள் மாதிரி நிற்கிறார்.

பிறகு மழை.
சிமெண்டில் விழுந்த முதல் சொட்டு
வட்டமாகி, உடனே இல்லை.
இரண்டாவதும் இல்லை.
இருபதாவது தங்கியது.

அவர் பேசினார்.
நிறையப் பேசினார், என்னைப் பார்த்து இல்லை.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
"மழை" என்றேன், உதவிக்கு.
"மொழெ" என்றார்.
எல்லாவற்றையும் எடுத்தவர் சேலையை எடுக்கவில்லை.
அது பாட்டுக்கு நனைந்துகொண்டிருந்தது.

ஏழு நிமிஷம்.
வெயில் திரும்பி வந்து
பாத்திரம் விட்டுப் போனவள் போல
சுற்றுமுற்றும் பார்த்தது.

மறுநாள் பேப்பரில்
வேலூருக்கு நேரே மழை இல்லை என்று இருந்தது.
பாய் படித்துக் காட்டினார்.
நாற்பத்திரண்டு விரிப்பிலும்
புள்ளி புள்ளியாக விழுந்த பாலாற்று மண்
இரண்டாவது அலசலிலும் போகவில்லை எனக்கு.