இருவர் தூக்கும் இருக்கை

வின்ட்ஸர் நகரில், ஆற்றின் இந்தக் கரையில்,
அதைக் கட்டிய கைகளில் இரண்டு
என் அம்மாவுடையவை.
ஒடெட். இரவு ஷிஃப்ட்.
சறுக்குக் கதவின் நடுத் தண்டவாளம்.
நாலு திருகாணி, ஓர் உருளை.
கதவை ஒருமுறை இழுத்து விடுவாள்,
சத்தம் சரியென்றால் அடுத்த வண்டி.

அதற்கு முன்பு குடும்பம் என்பது
நீளக் கார் ஒன்றின் வால் பகுதியில்
வந்த வழியைப் பார்த்தபடி
பெட்டிகளோடு கிடப்பது.
இல்லையென்றால் ரொட்டிக்காரனின் வேன்:
ஏறினால் முழங்கால் நெஞ்சில் முட்டும்,
எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து கொதிக்கும்,
கராஜ் வாசலில் கூரை இடிக்கும்.

யாரோ கராஜ் வாசலை அளந்திருக்கிறார்கள்.
ஸ்கர்ட் போட்டவள், இடுப்பில் பிள்ளை, கையில் பை,
காலை எவ்வளவு தூக்குவாள் என்று
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
கேட்டவள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்,
இது அம்மாவின் கட்சி.
எஞ்சினை முன்னே தள்ளினார்கள், தரையைத் தாழ்த்தினார்கள்,
காரின் எலும்பில் வேனின் வயிறு.

எண்பத்து நாலில் எங்களுக்கும் ஒன்று.
பக்கவாட்டில் மரம்.
மரமில்லை, மரத்தின் படம்.
மூன்றாம் குளிர்காலத்தில் ஓரம் கிளம்பியது.
நானும் ஜிசேலும் உட்கார்ந்து
ஒரு பக்கத்துக் காட்டை முழுக்க உரித்தோம்.

கதவு ஒரு பக்கம் மட்டும்.
சண்டையோ சமாதானமோ
எல்லாரும் நடைபாதைப் பக்கமே இறங்க வேண்டும்.
அந்தப் பக்கம் ஏன் இல்லை என்றேன்.
"வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை," என்றாள்,
அப்பாவைப் பார்த்து.

பின்வரிசை பெஞ்சைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
அது கழன்று வரும்.
கொக்கியை விடுவிக்க ஒருவர் போதும், தூக்க இருவர்.
ஹாக்கி மூட்டைகளோ, பழைய குளிர்பெட்டியோ
ஏற்ற வேண்டிய நாளில்
அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனை.
"உன் பக்கம் தாழ்த்து."
"உன் பக்கம்தான் உயரம்."
இருவரும் ஒரே திசையில் நடந்து
நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

தொண்ணூற்றொன்று, பனி உருகும் மாதம்,
அப்பா கிளம்பிய அன்று
பெஞ்ச் கராஜில் இருந்தது.
அங்கேயே இருந்துவிட்டது.
ஷிஃப்ட் முடிந்து வந்து அம்மா அதில் உட்காருவாள்,
இரண்டு பக்கமும் பெல்ட் தொங்க,
ஒரு சிகரெட்,
எதிரே எண்ணெய்க் கறை.

சனிக்கிழமைகளில் டோனட் கடை வாசலில்
எங்களைக் கைமாற்றினார்கள்.
கதவு சறுக்கித் திறக்கும், சறுக்கி மூடும்.
அம்மா காதைக் கொடுத்துக் கேட்பாள்.
"உருளை தேய்ந்துவிட்டது."
வேறு பேச்சில்லை.

பிறகு மறுபக்கமும் கதவு வந்தது.
பிறகு கோப்பை வைக்கும் குழிகள்,
ஆட்களைவிட அதிகமாக.
பிறகு நான் வந்தேன், அதே தொழிற்சாலைக்கு,
தரையில் பள்ளம் வைக்கும் வரிசைக்கு.
வாரை இழுத்தால் இருக்கை மடங்கி
பள்ளத்துக்குள் போய்விடும். ஒரு கை போதும்.

குடும்ப நாளில் அம்மாவை அழைத்துப் போனேன்,
ஓய்வு பெற்ற அட்டையும் லிப்ஸ்டிக்குமாக.
இழுத்தாள். அமிழ்ந்தது.
நிமிர்த்தினாள். மறுபடி இழுத்தாள்.
"ஒரே ஆளா?"
"ஒரே ஆள்."
கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்திருந்தாள்.
"நல்லது. ஆனால் கராஜில்
எதன்மேல் உட்காருவார்கள்?"

இப்போது தெருவெல்லாம் மலையேறும் வண்டிகள்,
ஏறுவது சூப்பர் மார்க்கெட் வரைக்கும்.
ஜிசேலுக்கும் ஒன்று. மினிவேன் என்றால்
வாழ்க்கை முடிந்தவள் மாதிரி இருக்குமாம்.
பிள்ளைகள் அதில் தொற்றி ஏறுகிறார்கள்,
முழங்கால் நெஞ்சில் முட்ட.

போன மாதம் அம்மாவின் வீட்டை விற்றோம்.
பெஞ்சை வெளியே கொண்டுவந்தோம்,
அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.
அடியில் கல்லாகிப்போன ஓர் உருளைக்கிழங்குத் துண்டு.
அவளுடைய வண்டியில் பெஞ்ச் ஏறவில்லை.
குறுக்கே வைத்தோம், சாய்த்து வைத்தோம், ஏறவில்லை.

நடைபாதை ஓரம் போட்டு
லாரிக்காகக் காத்திருந்தோம்.
லேசாகத் தூறியது.
ஜிசேல் பெல்ட்டை எடுத்துப் பூட்டிப் பார்த்தாள்.
பூட்டிக்கொண்டது.