விவரம் எழுதாத பதிவு

தொண்ணூறு ரூபாய் உதைக்கிறது.
இருப்பாய்வின் பற்றுப் பக்கம்
எதையோ தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறது.

தேவனாம்பட்டினத்துக் காற்று
பேரேட்டை என்னைக் கேட்காமலே புரட்டுகிறது.
சுண்டல்காரர் எந்த ஏடும் இல்லாமல்
மூன்று பேருக்குச் சரியாகச் சில்லறை தருகிறார்.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பாள் ஜீவிதா.
முதல் பருவத்தோடு நின்றுவிட்டாள்.
சிப்காட்டில் வேலை.

வகுபட்டது.
கணக்கில் கொடுத்திருந்த வாடகை ஐந்நூற்று நாற்பது,
நான் எடுத்தெழுதியது நானூற்று ஐம்பது.
திருத்தினேன்.
இரண்டு கூட்டுத்தொகையும்
ஒன்றையொன்று நிமிர்ந்து பார்த்தன.

ரப்பர் தூளை உதறும்போதுதான்
நோட்டின் கடைசியில் பின் குத்திய ரசீது.
எனக்கும் சேர்த்து அவள் வரிசையில் நின்று கட்டிய
தேர்வுக் கட்டணம்:
ரூ. 540.
கீழே என் கையெழுத்து:
ஜீவிதாவுக்குத் திருப்பியது 450. தீர்ந்தது.
அதற்கு இரட்டைக் கோடு வேறு.

எண்ணாமல் வாங்குகிறவள் இல்லை அவள்.
என் எதிரிலேயே எண்ணினாள்.
அன்றைக்கு டீக்கும் அவள்தான் கொடுத்தாள்.

காற்று தெற்கே திரும்பி
மருந்து நெடியைக் கொண்டுவந்தது.
இரண்டாம் ஷிப்டில் இருப்பாள்.
போனில் தொண்ணூறு அனுப்பினேன்.

பத்தே காலுக்குப் பதில் வந்தது:
"எதுக்குடி இது?"

குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில்
அடைப்புக்குறிக்குள் விவரம் எழுத வேண்டும்,
இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போகும்.

எழுதி எழுதி அழிக்கிறேன்.