கோணல்

கெல்சன்கிர்ஷனில் மழை.
ஓர்ட்ரூட்டின் மேசையில் இரண்டு டிரைவுகள், பங்காளிகள் மாதிரி.

மூத்தது பழுப்பேறியது.
மின்மாற்றியை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது;
முதுகில் பூனை படுத்துறங்கும் சூடு.
தடம் தொலைந்தால் தலையைச் சுவரில் மோதும்
டகடகடகவென்று.
மோதி மோதியே கோணிப்போய்,
போன வாரம் செத்தும் போனது.

இளையதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்.
சூட்டை ஒரு செங்கல்லாக்கித் தரையில் இறக்கிவிட்டார்கள்.
அமுக்கும் கதவு போய்த் திருகும் பிடி.

ஆனால் கோவோலிக்கின் பிளாப்பியை
அது தொட்டுத் தொட்டு விட்டுவிடுகிறது.
சுரங்கம் மூடிய வருஷத்துப் பந்தயப் புறாக்கள்:
எங்கே பறக்கவிட்டது, எத்தனை மணிக்குக் கூடடைந்தது.
கோணல் எழுதியதை நேர் படிக்குமா?

இளையதின் திருகைத் தளர்த்தினாள்.
ஒரு மயிரிழை.
இன்னும் அரை.
நல்லதைக் கெடுக்க என்ன துல்லியம் வேண்டியிருக்கிறது!

சிவப்பு விளக்கு நடுங்காமல் நின்றது.
திரையில் முதல் வரி:
நீலக்கழுத்து, லியேஜிலிருந்து, மாலை ஐந்து பத்து.

கோவோலிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது வரவேயில்லை அம்மணி.
ராத்திரி பத்து வரை கூரையில் நின்றுவிட்டு
நேரத்தை நான்தான் போட்டேன்."