ஆறாவது கொக்கி

ஹாயிக்கில் டீவியட் ஆறு வளையும் இடத்தில்
எங்கள் மதுக்கடை.
டார்ட் பலகைக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே
மேலிருந்து கீழாய் ஆறு கொக்கிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயர்ப்பலகை.
சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஏணி போட்டு
ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை.

முதலில் நான்குதான்.
எண்பத்து மூன்றில், போன நூற்றாண்டுக்கும் முந்தியதில்,
கடை தொடங்கிய வாட் லெய்ட்லா அடித்தவை.
ஒரே மழையில் நனையும் நான்கு பங்காளிகள்.
மறுவருடமே ஒரு டிரை செல்லுமா செல்லாதா என்று தகராறு.
அதற்கடுத்த வருடம் இங்கிலாந்தோடு ஆட்டமே இல்லை.
வாட் அந்தப் பலகையை இறக்கவில்லை,
சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்.
பங்காளிச் சண்டைக்கு அவ்வளவுதான் மரியாதை.

நாங்களும் அவர்களும் மோதும் கோப்பை
கல்கத்தாவில் கலைந்துபோன கழகம் ஒன்று
மிச்ச ரூபாய்களை உருக்கிச் செய்தது.
கைப்பிடி மூன்றும் படமெடுத்த நாகம்.
தோற்ற வருடங்களில்தான் அது எனக்கு ஞாபகம் வரும்.

பத்தில் பிரான்ஸ் வந்தது.
கீழே இடமிருந்தது, ஐந்தாவது கொக்கி.
மறுவருடம் பாரிஸில் ஒரே ஒரு புள்ளியில்
எங்களை வீழ்த்தியது.
புதிதாய் வருகிறவன் முதலில் எங்களைத்தான் அடிப்பான்.
இது இந்த ஊர்ப் பழமொழி;
நான் சொல்லிச் சொல்லி ஆனது.

முதல் போரில் பலகைகள் கணப்பின் மேல் அடுக்கிக் கிடந்தன.
திரும்ப மாட்டியபோது
ஏணி பிடித்த கைகள் வேறு.

பிறகு, ஆட்டக்காரருக்கு மறைவில் காசு தருகிறார்கள் என்று
பிரான்ஸை ஊர்விலக்கு வைத்தார்கள்.
பலகை நிலவறைக்குப் போய்
பீப்பாய் உருளாமல் அண்டை கொடுத்தது, பதினாறு வருடம்.
(இன்று எல்லாரும் சம்பளக்காரர்கள்.
மன்னிப்புக் கேட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது.)
நாற்பத்தேழில் மேலே வந்தபோது மரம் உப்பியிருந்தது,
முதல் எழுத்துக்கு ஒரு கை இல்லை.
அப்படியே மாட்டினோம்.

எழுபத்து மூன்று ஒரு வேடிக்கை.
ஐவருக்கும் ஆளுக்கு இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி.
யாரை மேலே தொங்கவிடுவது?
அப்பா ஐந்தையும் கழற்றி
தரையில் வரிசையாய்ப் படுக்கவைத்தார்.
அந்தக் கோடை முழுக்கத் தாண்டித்தான் நடந்தோம்.

எதிர்க்கடை ஐஸ்கிரீம் நிக்கோலா தம்புரினியை
நாற்பதாம் வருட ஜூனில் போலீஸ் கூட்டிப்போனது,
ரோம் போர் அறிவித்த இரவில்.
அவர் கடைக் கண்ணாடியில் கல் விட்டவர்களில் இருவர்
எங்கள் வாடிக்கையாளர்.
இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
தள்ளிப்போட்டுவிட்டேன்.

இரண்டாயிரம், பிப்ரவரி.
அவர் பேரன் ரெமோ ஒரு பலகையோடு வந்தான்,
இத்தாலி, பச்சைப் பெயின்ட் இன்னும் காயவில்லை.
ஆறாவது கொக்கியை அவனே அடித்தான்.
அன்று ரோமில் முப்பத்து நான்கு, இருபது.
தோற்றது யார் என்று கேட்காதீர்கள்.

ரெமோ ஹாயிக்கில் பிறந்தவன்,
எங்கள் இரண்டாம் அணியின் ஹூக்கர்.
கத்துவதா அழுவதா தெரியாமல்
என்னிடம் துணி வாங்கிக் குவளைகளைத் துடைத்தான்,
காய்ந்திருந்தவற்றையும்.
கடையில் மூச்சு இல்லை.
பின்னாலிருந்து ஒரு குரல்:
“ஏத்துப்பா உன் பலகையை.”
சொன்னவர் யார் மகன் என்று எழுதமாட்டேன்.

அதற்கப்புறம் அது அதிகம் ஏறவில்லை.
கடைசி இடத்துக்கு மரக்கரண்டி என்பார்கள்;
ரெமோவிடம் நிஜமாகவே ஒன்று உண்டு,
பிஸ்தா கிளற.

சென்ற வாரம் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த ஒருவன்,
பெசிக், ஜார்ஜியாக்காரன்,
கழுத்தே தெரியாத தோள்,
பியரை மறந்துவிட்டுப் பலகைகளையே பார்த்தான்.
ஆறாவதுக்குக் கீழே வெறும் சுவரில்
விரல்களை விரித்து வைத்துப் பார்த்தான்.
சரியாக ஒரு சாண்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொக்கி பெட்டியில் இருக்கிறது.
ஆனால் அந்தப் பழமொழி.