பதினைந்து வரை எண்ணு

தை பிறந்து ஒன்பதாம் நாள். விடிய நாலரை.
யாரோ வாளியால் ஊற்றிவிட்டதுபோல்
வானின் முன்கண்ணாடி முழுக்கப் பனி.
திறப்பைத் திருப்பினேன்.
உர்ர். உர்ர். உர்ர்.
பிடிக்கவில்லை.

றெட்பானாச் சந்தியில் நாலு பேர்,
விசுவமடுவில் மூன்று,
தருமபுரத்தில் ஏழு.
கிளிநொச்சிக் காமென்ற் வாசலில்
ஆறு மணிக்கு விரல் வைக்க வேண்டும்.
ஒரு நாள் பிந்தினால்
அந்த மாத வரவுக் கொடுப்பனவு போச்சு,
பதினாலு வீட்டிலும்.

முதலில் பற்றறி.
ஹோர்ன் அடித்தேன். பக்கத்து வளவு நாய் எழும்பியது,
அடுத்து பிரான்சிஸ் வீட்டு லைற்.
சத்தத்தில் குறையில்லை.
முனையில் பூத்திருந்த பச்சையை
தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்த நீரால் கழுவினேன்.
மறுபடி திறப்பு.
பலமாய்த்தான் சுற்றுகிறது,
உள்ளே நெருப்பு இல்லை.

மொன்றியலில் அப்போது முன்னிரவு ஆறு.
சத்தியரூபன் எடுத்தான்.
‘அங்க எத்தினை?’
‘பத்தொன்பது.’
‘மைனஸோ?’
நான் பேசாமல் நின்றேன்.
அவனுக்குச் சைபருக்குக் கீழே இருபத்தேழாம்.
காருக்கு வயர் செருகிவிட்டுத்தான்
அங்கே சனம் படுக்கப் போகுமாம்.
‘போனை இஞ்சினுக்குக் கிட்டப் பிடி.’

பிடித்தேன். திருப்பினேன்.
வயல் பக்கமிருந்து ஆட்காட்டி ஒன்று
கத்திக்கொண்டே மேலால் போனது.
பன்னிரண்டு வருடமாய் அவன் கேளாத சத்தம்.
ஏதும் சொல்வான் என்று காத்திருந்தேன்.
‘அந்தக் குருவியைக் கலை,
இஞ்சின் கேக்கேல்லை.’

அவன் தொழில் பழகியது
மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு மொறிஸில்.
பெற்றோல் மருந்தைவிட விலை அப்போது.
ஊசிக்குழாயால் நாலு துளி
கார்புறேற்றரின் தொண்டைக்குள் விடுவான்,
தும்மிக்கொண்டு எழும்பும்.
டீசலுக்கு அந்த வைத்தியம் சரிவராது.
இது சூடு கேட்கிற சாதி.

‘மஞ்சள் லைற் எவ்வளவு நேரம் நிக்குது?’
‘கண் வெட்டுறதுக்குள்ள போகுது.’
‘அப்ப ரிலே. பிளக் செத்திருக்கக் கூடாது எண்டு நேந்துகொள்.
தடிச்ச வயர் ஒண்டு எடு.’
கிணற்று மோட்டர் வயரைக் காட்டினேன்.
‘உருகி ஊத்தும். வேற.’

ஏசத்தான் வந்தார் பிரான்சிஸ்,
சாரத்தால் தலையை மூடிக்கொண்டு.
பொனற் திறந்திருப்பதைப் பார்த்தார்,
ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.
கேற் ஒட்டுகிற வெல்டிங் வயரோடு வந்தார்.

ஒரு நுனி பற்றறியில்.
மறுநுனியைப் பிளக்குகளின் தகட்டில் தொட்டதும்
பட் என்று ஒரு பொறி.
‘வந்ததோ?’
‘வந்தது.’
‘உயிர் இருக்கு. பதினைஞ்சு வரை எண்ணு.
அவசரப்படாதை.’

நான் ஒன்று என்றேன்.
அரை மூச்சுப் பிந்தி அங்கிருந்தும் ஒன்று.
இரண்டு. இரண்டு.
கடலுக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் ஏழில் நிற்க
நான் எட்டுக்குப் போனேன்.
பதினொன்றில் லைன் வெட்டியது.
மிச்சத்தை பிரான்சிஸ் எண்ணினார்,
வயரைப் பிடித்த கை நடுங்க,
பொருட்களுக்கு விலை சொல்வதுபோல.

திருப்பினேன்.
ஒரு சிலிண்டர் இருமியது,
பிறகு இரண்டு,
பிறகு வான் முழுதும் உதறி,
வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது.
புகைக்குள்ளிருந்து
சந்தியில் நின்ற நாலு பேரும் வந்தார்கள்.
தள்ளிவிட நடந்து வந்தவர்கள்.
‘பிடிச்சிட்டுதே’ என்றாள் நிரோசினி,
கொஞ்சம் ஏமாந்த குரலில்.
ஏறினார்கள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ஆள் விரல் வைத்தாள்.
நான் இஞ்சினை நிறுத்தவில்லை.
நிறுத்தப் பயம்.
போனில் ஏழு தவறிய அழைப்பு,
ஒரு கேள்வி: பிடிச்சுதோ?
எழுதக் கை விறைத்துப்போயிருந்தது.
பத்துச் செக்கன் இஞ்சின் சத்தத்தைப் பதிந்து
அதை மட்டும் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது:
தப்பெற் ஒண்டு அடிக்குது.
ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்.