இடது துடுப்பு

அரை மிளகளவு வயிறு.
ஊசிமுனையால் கீறினால் முதலில் வருபவை
நீர்த்தெள்ளின் கறுத்த கண்கள்,
உடல் கரைந்த பின்னும் கரையாதவை.
பிறகு ஒரு கூனியின் பாதி.
பிறகு சேறு, சேறு, வெறும் சேறு.
‘வேறு கிடைக்காதபோது இதையும்’ என்று
ஆர்லிஸ் எழுதுகிறாள்.

வடக்கு டகோட்டாவில் ஜூன்.
பனிப்பாறைகள் போகிற போக்கில் கிள்ளிவிட்டுப் போன குட்டைகள்.
கோதுமைக்கு நடுவே டிராக்டர் முணுமுணுத்தபடி
சுற்றிக்கொண்டு போகிறது.
பதினேழாம் எண் குட்டையில்
அறுநூறு தடித்தலைக் கெண்டைகளுக்கு
இடது வயிற்றுத் துடுப்பை நறுக்கி விட்டோம்.
மூன்று வாரம் கழித்துப் பிடித்தவை நானூற்றைம்பது.
துடுப்பு குறைந்தவை ஒன்பது.
பெருக்கி வகுத்து, முப்பதாயிரம் என்றேன்.
‘இருக்கலாம்’ என்றாள்.
‘இருக்கும்’ அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

மூழ்கிய பலகையின் அடியில் ஒட்டிய முட்டைகளை
முதுகால் தேய்த்துத் தேய்த்துக் காக்கிறது ஆண்.
வந்த இடத்தில் முன்னவனின் முட்டை இருந்தால்
சிலசமயம் தின்கிறது.
ஆகஸ்டில் மெலிந்து மிதக்கிறது.
எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

ஒரு நீலமூக்கு வாத்து இறங்கியது.
முங்கியது. மறுபடி முங்கியது.
கலங்கல் நீர்.
முப்பதாயிரம் வாய் தின்ற மிச்சத்தில் கூனி ஏது?
எழும்பிப் போய்விட்டது.

ஜனவரியில் மூன்றடிப் பனிக்கட்டி, அதன்மேல் பனி.
துளையிட்ட இடத்தில் குனிந்து முகர்ந்து
‘அழுகின முட்டை’ என்றாள் ஆர்லிஸ்.
கருவி அதையே எண்ணில் சொன்னது.
ஏப்ரலில் கரை நெடுக வெள்ளை வயிறுகள்,
தின்று சலித்த கடற்காக்கைகள்.
பொறிகளில் பூஜ்யம்.
மே மாதம் இடுப்பளவு நீரில் நின்றேன்,
என் பூட்ஸ் எனக்குத் தெரிந்தது.
ஜூலையில் நீலமூக்கும் ஏழு குஞ்சும்.

அந்த ஜூலையில்தான்
நாலு மைல் தள்ளி, நாற்பத்துநாலாம் எண் குட்டையில்,
வாய்க்காலோ மதகோ எதுவும் தொடாத நீரில்,
பொறியைக் கவிழ்த்தபோது
இடது துடுப்பில்லாத ஒன்று.

மீன் நடக்காது.
டுவேன் குவாமின் இரைக்கடைக்குப் போனோம்.
மறைக்கவில்லை அவன்.
‘போன கோடையில ரெண்டு வாளி.
அது ஆழம், குளிர் தாங்கும்.
பனியில தூண்டில் போடறவங்க டஜனுக்கு நாலு டாலர் தர்றாங்க.’
பிறகு, கொஞ்சம் தயங்கி,
‘உங்க கணக்கைக் கெடுத்துட்டேனா?’

கெடுத்துத்தான் இருந்தான்.
யாரும் வராத, யாரும் போகாத குட்டை என்று
நம்பிப் போட்ட கணக்கு.
வெளியேற்றம் என்ற கட்டத்தில்
‘வாளி, 2’ என்று எழுதினேன்.
ஆர்லிஸ் அடிக்கவில்லை.

நாற்பத்துநாலில் அந்த வருடம் வாத்து இல்லை.

இரவு அந்த ஒற்றை மீனைத் திறந்தேன்.
சேறே இல்லை.
கறுத்த கண்கள், கறுத்த கண்கள்.
நூற்றுப் பதினொன்று வரை எண்ணி
விளக்கை அணைத்தேன்.