மூன்றாவது வரி

பிரசுரம் என்றார் வக்கீல்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மூக்கையூரில் அச்சாபீஸ் ஏது?
கொடியேற்ற நோட்டீஸ் அடிக்கக்கூட
சாயல்குடிக்குத்தான் போகணும்.

அன்றைக்குக் கச்சான் அடித்தது, வள்ளங்கள் கரையில்.
ஐஸ் கம்பெனியில் பில்புத்தகத்துக்குக்
கார்பன் மாற்றிக்கொண்டிருந்தேன்.
இஞ்ஞாசி வந்து நின்றார்.
நீல இன்லண்டு லெட்டர்,
ஓரத்தில் ஒரு சாளைச் செதில்.
"இதக் கொஞ்சம் வாசி, பிள்ளை."

காற்று தெரியும் அவருக்கு, நீவாடு தெரியும்,
எந்தப் பாரில் எந்த மாசம் என்ன மீன் என்று தெரியும்.
எழுத்து தெரியாது.
தெரியாது என்பது
எழுதிய தொபியாஸுக்கும் தெரியும்,
ஒரே வள்ளத்தில் பதினோரு வருஷம்.

முதல் வரி சுகம் விசாரித்தது.
இரண்டாவது வலைக்கடன்.
மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினேன்.
"எழுத்துப் புரியலையா?"
புரிந்தது. அதுதான் தொந்தரவு.
வெளியே ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடியது.
இன்னும் சத்தமாய் ஓடேன், மாதாவே, என்றிருந்தது.
வாசித்தேன்.

கடிதத்தை வாங்கி நாலாய் மடித்துச்
சாரத்து மடிப்பில் செருகினார்.
ஒருமுறை என்னைப் பார்த்தார்.
அதற்கப்புறம்
ஐஸ் வாங்க மகனைத்தான் அனுப்புகிறார்.

ராமநாதபுரத்தில் வக்கீல் சீனிஜமால் சொன்னார்:
"நடுக்கடலில் ஒருத்தன் இன்னொருத்தன் முகத்துக்கு நேரே
என்ன சொன்னாலும் மனசுதான் நோகும்.
மானம் போகாது.
மானம் என்பது
அடுத்தவன் தலைக்குள் இருக்கிற நம்ம குடியிருப்பு.
வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன கணக்கு,
மூன்றாவதாக ஒரு காது வேணும்.

அவன் ஊரில் ஒட்டாத உறையை
வேலைக்காரன் ஆசைப்பட்டுப் பிரித்துப் பார்த்தானாம்,
சேராது என்றுவிட்டார்கள்.
இன்னொரு வீட்டில் பெண்டாட்டிக்கு வந்ததைப்
புருஷன் பிரித்தான், சேர்ந்தது.
எதிர்பார்த்திருக்கணும், அதுதான் விஷயம்.
வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுதுகிறவன்
வேறு யாராவது வாசிப்பார்கள் என்று
எதிர்பார்க்கமாட்டானா?
யாராவது என்றால், நீங்கள்."

நான் என்ன தப்பு செய்தேன் என்றேன்.
"தப்பெல்லாம் இல்லம்மா.
நீங்கள்தான் பிரசுரம்."

பஸ்ஸில், சாக்குப்பையில், சைக்கிளில்
மூன்று நாள் பயணம் அந்தக் கடிதம்.
பசைக்குள் இருந்தவரை அது யாரையும் தொடவில்லை.
என் வாய் திறந்தது,
என் காதே கேட்டது.
தொபியாஸ் வெறும் மைதான் தந்தான்.

ரெஜினாள், ரெஜினாள், ரெஜினாள்
என்று மூன்றுதரம் கூப்பிட்டார்கள்.
கூண்டில் நான் நிற்கக் கடிதத்தை வாசித்தார் ஒருவர்,
அரிசிக் கணக்கு வாசிப்பதுபோல.
கோழித் திருட்டுக்கு வந்தவன் கேட்டான்,
டீக்காரப் பையன் கேட்டான்,
நாற்பது பேர் இருக்கும்.
அது பிரசுரம் இல்லையாம்.
கோர்ட்டில் வாசித்தால் அதற்குக் காப்பு உண்டாம்.
இஞ்ஞாசி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் வக்கீல் கேட்டார்:
"வாசித்ததும் நம்பினீர்களா?"

ஒரு பாளம் ஐஸ் உடைந்து முடிகிற நேரம்,
அவ்வளவுதான் இருக்கும்.
நம்பினேன்.
அவர் கொண்டுவந்த பணத்தை
இரண்டுதரம் எண்ணிய நாளெல்லாம்
வரிசையாய் ஞாபகம் வந்தது.
நானா எண்ணினேன், அந்த வரி எண்ணவைத்ததா,
எது முந்தி என்றுகூடத் தெரியவில்லை.

"இல்லை" என்றேன்,
சத்தியம் செய்த ஈரம் காயாத வாயால்.

வராந்தாவில் சீனிஜமால் சிரித்தார்.
"நம்பினாலும் நம்பாவிட்டாலும் சேரும்மா.
காதில் விழுந்தால் போதும்."
ஒரு பொய் வீணாய்ப் போனது.

சாயல்குடி பஸ்ஸில் எனக்கும் சேர்த்து
டிக்கெட் எடுத்தார் இஞ்ஞாசி.
கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.
முன்சீட்டில் அவர் பிடரி,
கடலாடி வரை, கடலாடிக்கு அப்புறமும்.

ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரர் கேட்டார்,
அப்படி என்னதான் எழுதியிருந்தான்?

வலைக்கடன் என்றேன்.
இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.